விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு: ஜெராக்ஸ் கடைக்கு ஆன்டிவைரஸ் வாங்கவா, லினக்ஸ் போடவா?

அச்சகம்_பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல்ல ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். மூணு கம்ப்யூட்டர். ரெண்டு ஆறாம் தலைமுறை ஐ3, ஒண்ணு அதைவிடப் பழசு. மூணுலயும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட் நின்னுபோச்சு. விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகள்ல ஏறாதுன்னுட்டாங்க.

போன வாரம் ஒரு காலேஜ் பையன் புராஜெக்ட் பிரிண்டுக்குப் பென்டிரைவ் கொடுத்தான். சொருகிப் பார்த்தா ஃபோல்டர் எல்லாம் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணு மூலையிலயும் குட்டியா ஒரு அம்புக்குறி. டபுள் கிளிக் பண்ணேன், திறந்துச்சு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டேன். சாயந்திரம் ஒரு டீச்சரம்மா கொண்டு வந்த பென்டிரைவ்லயும் அதே அம்புக்குறி. மறுநாள் காலையில ஒரு வக்கீல் குமாஸ்தா சண்டைக்கே வந்துட்டார். "உன் கடையில சொருகினதுக்கப்புறம் ரெண்டு வருஷ கேஸ் ஃபைல் காணோம்"ங்கிறார். நாலு பேர் முன்னாடி.

சர்வீஸ் பையன் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போடுங்க, மூணுக்கும் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆகும்ங்கிறான். மச்சான் விண்டோஸைத் தூக்கிட்டு அதுக்குப் பதிலா லினக்ஸ் போடு, வைரஸ்ங்கிற பேச்சுக்கே இடமில்லைங்கிறான். எனக்குப் பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் வேணும், பழைய தமிழ் ஃபான்ட் வேணும், பிரிண்டர் ஓடணும். எதைச் செய்ய?

தட்டான்:

மச்சான் சொல்றதைக் கேளுங்க பாண்டி அண்ணே. லினக்ஸ் மின்ட் போடுங்க. ஒரு பைசா வேண்டாம். பக்கத்துல கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடம் முழுக்க வருஷக்கணக்கா லினக்ஸ்லதான் ஓடுது. நம்ம ஊர்லயே மத்திய அரசோட கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில உருவாக்கின பாஸ் லினக்ஸ் இருக்கு. இலவச லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து அதையும் போட்டுத்தான் கொடுத்தாங்க. வாங்கின அன்னைக்கே பாதிப் பேர் அதை அழிச்சுட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுக்கிட்டது வேற கதை.

ஆன்டிவைரஸ் கம்பெனிங்க விண்டோஸ் ஓட்டையை வெச்சுத்தானே சோறு திங்கிறாங்க. ஓட்டையே இல்லாத வீட்டுக்கு எதுக்குக் காவல்?

சர்வீஸ்_செல்வம்:

தட்டான் தம்பி, கொஞ்சம் பொறு. முதல்ல பாண்டி அண்ணன் கடையில என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

அண்ணே, அந்த அம்புக்குறி போட்டது ஃபோல்டரே இல்ல, ஷார்ட்கட். அசல் ஃபோல்டரை அந்தப் புழு மறைச்சு வெச்சிடும். சில வகை, பேரே இல்லாத ஒரு ஃபோல்டரை உண்டாக்கி எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிடும். அதே பேர்ல, அதே படத்தோட ஒரு ஷார்ட்கட்டை வெளிய வைக்கும். நீங்க கிளிக் பண்றப்ப ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, மறைஞ்சிருக்கிற விபிஎஸ்ங்கிற குட்டி நிரல் ஃபைல் ஓடி உங்க கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கும். ரெண்டு, அசல் ஃபோல்டரைத் திறந்தும் காட்டிடும். அதனாலதான் உங்களுக்குச் சந்தேகமே வரல. அப்புறம் யார் பென்டிரைவ் சொருகினாலும் அதுக்கு ஒட்டும்.

குமாஸ்தாகிட்ட ஃபைல் ஒண்ணும் போகலன்னு சொல்லுங்க. மறைஞ்சுதான் கிடக்கும். தயவுசெஞ்சு ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க, அந்த டிரைவை அப்படியே வாங்கி வைங்க.

இந்தப் புழு பத்து வருஷத்துக்கும் மேல பழசு. விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் கூட இதைப் பிடிச்சிருக்கணும். ஏன் பிடிக்கல? உண்மையைச் சொல்லுங்க, மூணும் அசல் விண்டோஸா?

அச்சகம்_பாண்டி:

அசல் இல்ல. போட்டுக் கொடுத்தவர் ஆக்டிவேட் பண்ண ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஓட்டினார். அப்ப டிஃபெண்டரை ஆஃப் பண்ணணும், இல்லன்னா அது விடாதுன்னார். இப்பப் போய்ப் பார்த்தேன். மூணுலயும் ஆஃப்லதான் இருக்கு. ரெண்டரை வருஷமா.

சர்வீஸ்_செல்வம்:

நினைச்சேன். அண்ணே, இதுல கோவிச்சுக்க ஒண்ணுமில்ல, நம்ம ஊர்ல பாதிக் கடை இப்படித்தான். ஆனா காவலுக்கு நிக்கிறவனைத் தூங்கச் சொல்லிட்டுக் கதவைத் திறந்துவிடச் சொல்ற சாஃப்ட்வேர் உள்ள எதைக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்?

எங்க தெருவுல ஒரு போட்டோ ஸ்டுடியோ. ஆல்பம் டிசைன் பண்ற சாஃப்ட்வேரைக் காசு கட்டாம, பூட்டை உடைச்ச கிராக் காப்பியா இறக்கினார். மறுநாள் எல்லா ஃபைலுக்கும் பின்னால புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் "ரீட்மி"ன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கட்டு, மூணு நாளைக்குள்ள கட்டினா பாதி விலைன்னு ஆடித் தள்ளுபடி மாதிரி எழுதியிருந்தான். ஸ்டாப், டிஜேவியுன்னு சொல்ற ரகம் அது. கிராக் தேடுறவங்களைக் குறிவெச்சே வந்தது.

அந்த ரகம் அவசரக்குடுக்கை. வேகமா முடிக்கணும்னு ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதனால பெரிய கல்யாண வீடியோ சிலதைத் தலையை மட்டும் ஒட்டவெச்சு மீட்டோம். போட்டோவுல தலைப்பகுதிதான் உயிர். அது பெரும்பாலும் போச்சு. எம்சிசாஃப்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019-ல இதுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டாங்க, ஆனா அவருக்கு விழுந்தது ஆன்லைன் சாவியில, அதாவது அவன் சர்வர்ல இருந்து தனியா வந்த சாவியில பூட்டினது. சாவி அவன்கிட்ட மட்டும்தான். ரெண்டு முகூர்த்த சீசன் ஆல்பம் காலி.

ஓய்வுபெற்ற_கணக்கர்:

நண்பர்களே, நான் 35 ஆண்டுகள் கணக்கெழுதியவன். ஃப்ளாப்பி காலத்திலிருந்து இந்த வைரஸ் தொல்லையைப் பார்த்து வருகிறேன். ஆன்டிவைரஸ் கம்பெனிகள் ஓட்டையை வைத்துப் பிழைக்கின்றன என்று தட்டான் எழுதியிருப்பது எனக்கு உவப்பில்லை. சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் நம்மவர்கள் கட்டியவை. அன்றைக்கு இணையம் கிடையாது. புது வைரஸுக்கான அப்டேட் ஃப்ளாப்பியில் வரும். அவர்கள் இல்லாவிட்டால் பல அலுவலகங்களில் கணக்குப் புத்தகமே மிஞ்சியிருக்காது.

லினக்ஸ் நல்லதாகவே இருக்கட்டும். கணக்கெழுதும் மென்பொருளான டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யுஎஸ்பியில் சொருகி ஒரு டெண்டர் போடுவதற்குள் விண்டோஸிலேயே தாவு தீர்ந்துவிடுகிறது. கடைசித் தேதி அன்று இரவு பதினொரு மணிக்கு லினக்ஸில் டிரைவர் தேடிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

தட்டான்:

ஐயா, மதிப்புக் குறைச்சலாச் சொல்லல. ஆனா அந்தக் காலத்து ஆன்டிவைரஸ் வேற, இப்ப இலவசம்னு கொடுக்கிறது வேற. அவாஸ்ட் என்ன பண்ணாங்க? யார் எந்தத் தளத்துக்குப் போறாங்கன்ற விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற கிளைக் கம்பெனி வழியா வித்தாங்க. விஷயம் வெளிய வந்ததும் 2020 ஜனவரியில அந்தக் கிளையை மூடினாங்க. 2024-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. திருடனுக்குக் காவல் வெச்சோம், காவல்காரனுக்கு யாரை வைக்கிறது?

ரஷ்ய ஆன்டிவைரஸ் காஸ்பர்ஸ்கி கதை இன்னொரு தினுசு. 2024-ல அமெரிக்கா அதோட விற்பனையைத் தடை பண்ணுச்சு. செப்டம்பர்ல அங்க நிறையப் பேர் காலையில எழுந்து பார்த்தா, காஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவின்னு கேள்விப்படாத ஒண்ணு அதுவா வந்து உக்காந்திருக்கு. மூடின பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. லினக்ஸ் மாதிரி நிரலை வெளிப்படையா வெச்சிருக்கிற திறந்த மூலம்னா நாலு பேர் பார்ப்பாங்க.

பொதிகை:

நாலு பேர் பார்ப்பாங்கன்னு நம்பித்தான் 2024-ல எக்ஸ்இசட்ல எல்லாரும் மாட்டத் தெரிஞ்சோம். நான் சர்வர் பார்க்கிறவன், பத்து வருஷமா லினக்ஸ்தான். அதனால உள்ளூர்க்காரனாச் சொல்றேன்.

எக்ஸ்இசட்ங்கிறது ஃபைலைச் சுருக்கற, பல லினக்ஸ்ல கூடவே வர்ற ஒரு சின்ன நிரல் நூலகம். சம்பளமில்லாம ஒருத்தர் பராமரிச்சுட்டு வந்தார். "ஜியா டான்"ங்கிற பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா உதவி பண்ணி, நம்பிக்கை சம்பாதிச்சு, பொறுப்பையும் வாங்கி, 5.6.0 பதிப்புல ஒரு கள்ளக்கதவு வெச்சுட்டார். எத்தனை பேர் பார்த்தாங்க? கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், அதுவும் மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்க்கிறவர். தூரத்துலருந்து சர்வருக்குள்ள போற எஸ்எஸ்எச்ல நுழைய வழக்கத்தைவிட அரை செகண்ட் கூடுதலா ஆகுதேன்னு மனுஷன் தோண்டினார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போறதுக்கு முன்னாடி மார்ச் 29-ந்தேதி பிடிபட்டுச்சு. ஒண்ணு சொல்லணும், மூலநிரல் கையில இருந்ததாலதான் அவரால அடி வரைக்கும் தோண்ட முடிஞ்சது. அதை நான் மறுக்கல.

வைரஸே வராதுங்கிறதும் கட்டுக்கதை. இணையத்தையே ஸ்தம்பிக்க வெச்ச முதல் பெரிய புழு 1988-ல வந்த மாரிஸ். அது தாக்கினது யூனிக்ஸ் மெஷின்களை. 2017 ஜூன்ல தென்கொரியாவுல நயானாங்கிற வெப் ஹோஸ்டிங் கம்பெனியோட 153 லினக்ஸ் சர்வர்களை எரிபஸ்ங்கிற பணம் கேட்டு மிரட்டுற வைரஸ் பூட்டினப்ப, அவங்க 10 லட்சம் டாலர் அளவுக்குப் பிட்காயின் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவுற ஃபைல்) தொட்டுப் பணத்தை விட்டவங்க எல்லாரும் வெச்சிருந்தது ஆண்ட்ராய்டு. அதுக்கு அடியில இருக்கிறது லினக்ஸோட மையப்பகுதியான கர்னல்தான்.

காசு கொடுக்கிற பக்கமும் சொக்கத் தங்கம் இல்ல. 2024 ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பின ஒரு கோளாறு அப்டேட்ல 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையைக் காட்டிப் படுத்துச்சு. இங்க விமான நிலையத்துல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. எந்த வைரஸும் ஒரே நாள்ல அப்படிச் செஞ்சதை நான் பார்த்ததில்ல. காவல் மென்பொருள் கர்னல் வரைக்கும் உள்ள போய் உக்கார்றதோட விலை அது.

யாழ்_வாசகி:

நான் யாழ்ப்பாணத்தில ஒரு பள்ளிக்கூடத்தில கணினி படிப்பிக்கிறன். எங்கட ஆய்வுகூடத்தில 18 கணினி, ஆறு வருசமா உபுண்டு எண்ட லினக்ஸ். அதுக்கு முதல் ஒவ்வொரு தவணையும் விண்டோசைத் திருப்பித் திருப்பிப் போடுறதே வேலை. இப்ப அந்தக் கரைச்சல் இல்லை.

ஆனா ஒருத்தரும் சொல்லாத ஒண்டைச் சொல்லவேணும். லினக்ஸ் கணினிக்கு அந்தப் புழு ஒண்டும் செய்யாது, ஆனா பென்ட்ரைவில இருந்து அது போகாது. பிள்ளையள் பள்ளிக்கூடத்தில சொருகி, அதே பென்ட்ரைவை வீட்டில தகப்பன்ர விண்டோசில சொருகுவினம். எங்களுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனா கிருமியைக் காவிக்கொண்டு திரிஞ்சம். பெற்றோர் ஒராள் வந்து கதைச்ச பிறகுதான் எனக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு வாசலுக்குப் பக்கத்தில இருக்கிற கணினியில கிளாம்ஏவி போட்டம். முதல் அங்க சொருகி ஸ்கேன் பண்ணிப்போட்டுத்தான் மற்றக் கணினிக்குப் போகலாம். திறந்த மூல ஆன்டிவைரஸ் எண்டால் அதுதான், 2002 இல தொடங்கினது, இப்ப சிஸ்கோ பராமரிக்கினம். உண்மையில அது மெயில் சேர்வருக்கு எண்டு வளர்ந்தது. நீங்கள் வேலை செய்யேக்க தானாப் பின்னால நிண்டு பார்த்துக்கொண்டு இராது, சொன்னால்தான் தேடும். வைரஸ் அடையாளப் பட்டியலை நினைவகத்தில ஏத்தவே ஒரு ஜிபிக்கு மேல தின்னும். 2 ஜிபி மெசினில போட்டுப்போட்டு என்னைத் திட்டாதேங்கோ.

தட்டான்:

வாசகி அக்கா சொன்னது நான் யோசிக்காத விஷயம். சரி, வைரஸே வராதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பெரிய படத்தைப் பாருங்க. 2001-ல லினக்ஸைப் புற்றுநோய்னு சொன்ன ஸ்டீவ் பால்மர் அப்பத் தலைவரா இருந்த மைக்ரோசாஃப்ட்தான் 2018-ல 750 கோடி டாலர் கொடுத்து, திறந்த மூல நிரல்கள் குவிஞ்சிருக்கிற கிட்ஹப் தளத்தை வாங்குச்சு. இன்னிக்கு விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஓட்டலாம்னு விளம்பரம் பண்றாங்க. போட்டியில ஜெயிச்சது யாரு?

ஓய்வுபெற்ற_கணக்கர்:

சர்வரில் லினக்ஸ் ஜெயித்தது, மேசையில் ஜெயிக்கவில்லை. மூனிக் நகராட்சியைப் பாருங்கள். 2003-ல் லினக்ஸுக்கு மாறுகிறோம் என்றார்கள். ஸ்டீவ் பால்மரே நேரில் போய் மேயரைப் பார்த்தும் மசியவில்லை. பத்தாண்டு பாடுபட்டு ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டார்கள். வெளியிலிருந்து வரும் ஆவணம் பக்கம் சிதறுகிறது என்பது ஊழியர்களின் புகார்களில் ஒன்று.

பொதிகை:

அதுல அரசியலும் உண்டு ஐயா, மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தை 2016-ல மூனிக்குக்கே கொண்டு வந்துச்சு. அதே ஜெர்மனியில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளை இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாத்தறதா 2024-ல அறிவிச்சிருக்கு. ஆட்டம் முடியல.

தட்டான்:

சொல்லப்போனா இங்க ஒரு கவர்மென்ட் ஆபீஸ்லயே

நெறியாளர்:

தட்டான், உங்கள் பதிவின் மீதி நீக்கப்பட்டது, காரணம் உங்களுக்கே தெரியும். பாண்டி கேட்டது மூன்று கம்ப்யூட்டர் பற்றி. அதற்கு வாருங்கள்.

சர்வீஸ்_செல்வம்:

நன்றி நெறியாளரே. பாண்டி அண்ணே, உங்க கடையில அந்நியர் ஃபைல் எந்த வழியா வருது? பென்டிரைவ், வாட்ஸ்அப் வெப், மெயில். ஒரு நாளைக்கு நூறு பேரோட பென்டிரைவ் போற மெஷின்லயே உங்க பத்து வருஷ டிசைனும் கிடக்குது. அதுதான் கோளாறு. எந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் அது மாறாது.

இருக்கிறதுலயே பழைய பெட்டியை வாசல் மேசைக்குக் கொண்டு வாங்க. ஒரு எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். வர்ற பென்டிரைவ் எல்லாம் அதுல மட்டும்தான். வாட்ஸ்அப்பும் அதுலதான். வந்த ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கி அங்கிருந்தே பிரிண்ட். லினக்ஸ்ல விண்டோஸோட மறைப்பு செல்லாது, மறைச்ச ஃபோல்டரும் பளிச்சுனு தெரியும்.

டிசைன் மெஷின்ல வெளி பென்டிரைவ் கூடாது. அந்தக் கிராக்கைத் துடைச்சுட்டு அசல் விண்டோஸ் போடுங்க, டிஃபெண்டரை ஆன் பண்ணுங்க. விண்டோஸ் 10-க்கும் டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு சொல்லியிருக்காங்க. ஆனா பட்டியல் வர்றது வேற, விண்டோஸ் ஓட்டையை அடைக்கிறது வேற. வாசல்ல கூர்க்கா நிப்பார், பின்சுவர் இடிஞ்சு கிடக்கும். 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டுற வான்னாக்ரை புழு வந்தப்ப தப்பினது மார்ச் மாசமே வந்த அப்டேட்டைப் போட்டவங்கதான். அதனால டிசைன் மெஷின்ல நெட்டையே பிடுங்கிடலாம்.

டிஃபெண்டர்ல "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்"னு ஒண்ணு உண்டு, தானா ஆன் ஆகியிருக்காது. அதைப் போட்டு உங்க ஃபோல்டரையும் அதுல சேர்த்தா, அனுமதி இல்லாத எந்த சாஃப்ட்வேரும் உங்க டிசைன் ஃபோல்டர்ல கைவைக்க முடியாது. வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல வாரம் ஒரு தடவை காப்பி எடுத்து, கழட்டி வீட்ல வைங்க. சொருகியே வெச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடுவான். அந்த ரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஹார்ட் டிஸ்க்குக்குப் பாதியாவது தேறும்.

அச்சகம்_பாண்டி:

புரியுது தம்பி. பேஜ்மேக்கரை லினக்ஸ்லயே ஓட்ட வழி இல்லையா?

பொதிகை:

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட்டுற வைன் வழியா ஓட வைக்கலாம், ஆனா பழைய ஃபான்ட்டுக்கான தமிழ் விசைப்பலகை மென்பொருள் அதுக்குள்ள ஒழுங்கா ஒட்டல. ரெண்டு நாள் போராடி விட்டுட்டேன். 8 ஜிபி ரேம் இருந்தா, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, நெட் இல்லாத பழைய விண்டோஸுக்குள்ள பேஜ்மேக்கரை வைக்கலாம். கெட்டுப்போனா நேத்தைய நிலைக்கு ஒரு கிளிக்ல திரும்பிடலாம்.

புது வேலைகளுக்குப் பேஜ்மேக்கர் மாதிரியே இலவசமா இருக்கிற ஸ்கிரைபஸ் பாருங்க. முன்னாடி அதுல கொம்பும் காலும் இடம் மாறி விழும், தமிழ்ல ஒண்ணும் பண்ண முடியாது. 2024 தொடக்கத்துல வந்த 1.6 பதிப்புல தமிழ் ஒழுங்கா வருது. பேஜ்மேக்கர் ஃபைலையும் திறக்கும், ஆனா பழைய ஃபான்ட் எழுத்தை யுனிகோடுக்கு மாத்தினாத்தான் உபயோகம்.

அச்சகம்_பாண்டி (மூணு வாரம் கழிச்சு):

செஞ்சாச்சு. பழைய பெட்டியில மின்ட் போட்டு வாசல்ல வெச்சுட்டேன். முதல் வேலையா குமாஸ்தா பென்டிரைவைச் சொருகினேன். செல்வம் தம்பி சொன்ன மாதிரியே பேரில்லாத ஒரு ஃபோல்டர். உள்ள ரெண்டு வருஷ கேஸும் பத்திரமா இருந்துச்சு. மனுஷன் ஸ்கிரீனையே பார்த்துட்டு நின்னார். மன்னிப்பெல்லாம் கேட்கல, ஆனா டீ வாங்கிக் கொடுத்தார்.

டிசைன் மெஷின் விண்டோஸ்தான், அசல் வாங்கிட்டேன், நெட் கிடையாது. மூணாவது மெஷினைப் பத்தி இன்னும் முடிவு பண்ணல, ஆன்லைன் அப்ளிகேஷன் போட விண்டோஸ் வேணும்னு தங்கச்சி அடம்பிடிக்குது. பிரிண்டர்லதான் திண்டாட்டம். எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் இருக்குமே அந்த வெள்ளை லேசர், அது மின்ட்ல ஓடவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. இப்ப ஓடுது, ஆனா பிரிண்ட் கொடுக்கிறப்ப எல்லாம் பேப்பர் லெட்டர் சைஸ்னு நிக்குது. ஒவ்வொரு தடவையும் ஏ4 மாத்த வேண்டியிருக்கு. கூட்டம் இருக்கிறப்ப மறந்தா கீழ ஒரு வரி வெட்டுது. யாருக்காவது வழி தெரியுமா?

தட்டான்:

நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலம்னு கொடுத்திருப்பீங்க அண்ணே. மொழி அமைப்புல வட்டாரத்தை இந்தியான்னு மாத்துங்க. அப்புறம் பிரிண்டர் அமைப்புல இயல்பு அளவை ஏ4 வைங்க, லிப்ரேஆபிஸ்லயும் ஒரு தடவை பார்த்துடுங்க. மாத்தியும் வரலன்னா இங்கயே எழுதுங்க, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.